எடை மையம்

சிறிய விமானங்களில் கதவை மூடுமுன், பின்னால் இருக்கும் சிலரை முன் வரிசைக்கு மாறச் சொல்வதுண்டு. காரணம், விமானிகள் சி.ஜி. என்று சுருக்கிச் சொல்லும் சென்டர் ஆஃப் கிராவிட்டி. விமானத்தின் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி இது. பறக்கும்போது மூக்கு ஏறுவதும் இறங்குவதும் இதைச் சுற்றித்தான்.

பாடநூல்கள் இதை ஈர்ப்பு மையம், புவியீர்ப்பு மையம் என்கின்றன. தவறில்லை; ஆனால் ஏதோ ஒன்றை இழுக்கும் மையம் போல ஒலிக்கிறது. 'கிராவிட்டி'க்கு வேர், பாரம் என்று பொருள்படும் லத்தீன் 'கிராவிடாஸ்'. 'சென்டர்' வந்தது 'கென்ட்ரான்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து; கூர்முனை என்று பொருள், கவராயத்தின் ஊன்றுமுனையையும் குறித்தது. ஆர்க்கிமிடீஸ் எழுதியதும் பாரத்தின் மையம் என்றுதான். ஆகவே என் ஓட்டு எடை மையத்துக்கு. நிறை மையம் வேறு கருத்து. சீரான ஈர்ப்பில் இரண்டும் ஒரே புள்ளியில் விழும், அவ்வளவுதான்.

சரி, இது இடம் மாறினால் என்ன ஆகும்? முன்னால் நகர்ந்தால் மூக்கு தாழப் பார்க்கும். அதை நிமிர்த்த வால் கூடுதலாகக் கீழே அழுத்த வேண்டும். அந்தச் சுமையும் இறக்கை மேல் ஏறுவதால் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், கூடும். விமானம் நிலையாகப் பறக்கும், ஆனால் விமானி இயக்கும் கைப்பிடி கனக்கும். தரையிறங்கும் குறைந்த வேகத்தில், வாலிலுள்ள எலிவேட்டர் தட்டை முழுக்க உயர்த்தினாலும் மூக்கு நிமிராமல் முன்சக்கரம் முதலில் தரையில் மோதலாம்.

பின்னால் போனால் எல்லாம் லேசாகிவிடும். சுகமாகத் தெரியும், ஆபத்து அதில்தான். நிலைத்தன்மை முடிந்துபோகும் எல்லையான நடுநிலைப் புள்ளியைத் தாண்டிவிட்டால் சின்ன அசைவுகூட அடங்காமல் பெருகும். சுழல் வீழ்ச்சியிலிருந்து மீள்வதும் கடினம். மூக்கை இடம் வலமாகத் திருப்பும், வாலிலுள்ள சுக்கானுக்கும் எடை மையத்துக்கும் உள்ள தூரம் குறைவதால் அதன் திருப்புவிசையும் குறையும். இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால், நேராகப் பறக்கக் கூடுதல் வேகம் தேவைப்படும்.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஒரு பீச் 1900டி விமானம் புறப்பட்டவுடன் விழுந்து, அதிலிருந்த 21 பேரும் இறந்தார்கள். எடை மையம் பின் எல்லையைத் தாண்டியிருந்தது. பராமரிப்பில் எலிவேட்டர் கம்பியைத் தவறாகப் பொருத்தியதால், மூக்கைத் தாழ்த்தும் பக்கம் தட்டு முழுதாக அசையவில்லை. அப்புறம் விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது: கணக்கில் வைத்திருந்த பயணிகளின் சராசரி எடை உண்மையைவிடக் குறைவு. அந்தச் சராசரியைப் பின்னர் உயர்த்தினார்கள்.