நார்தர்ன் சோல்: யாருடைய வடக்கு?

'நார்தர்ன் சோல்' என்றதும் அமெரிக்காவின் வட மாநிலங்களில் பிறந்த இசை என்று எடுத்துக்கொள்வது எளிது. பாட்டுகள் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் 'சோல்' வகைப் பாட்டுகள்தான். ஆனால் பெயரில் உள்ள வடக்கு இங்கிலாந்தின் வடக்கு: மான்செஸ்டர், விகன், பிளாக்பூல் பக்கம் அவற்றுக்கு ஆடித் தீர்த்த ரசிகர்களின் வடக்கு.

சொல் பிறந்தது ஒரு கடையில். லண்டன் கோவன்ட் கார்டனில் 'சோல் சிட்டி' என்ற இசைத்தட்டுக் கடை வைத்திருந்தவர் டேவ் கோடின். கால்பந்து பார்க்க லண்டன் வரும் வடபகுதி இளைஞர்கள் அப்படியே கடைக்குள்ளும் நுழைவார்கள். புதிதாக வந்த, தாளம் கனத்த 'ஃபங்க்' வகைத் தட்டுகளைத் தொடமாட்டார்கள். அறுபதுகளின் நடுவில் வந்த துள்ளல் பாட்டுகள்தான் வேண்டும். அவர்களுக்கு எதை எடுத்துக் காட்டுவது என்று பணியாளர்களுக்குப் புரிய, கோடின் வைத்த அடையாளச் சொல் இது. 1970-இல் 'புளூஸ் அண்ட் சோல்' இதழில் எழுதினார், நிலைத்துவிட்டது.

திருநெல்வேலி அல்வாவுக்குக் கிண்டிய ஊரின் பெயர். இங்கே தின்ற ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது!

இந்தக் கூத்துக்கு நல்ல சாட்சி 'தி டாம்ஸ்' பாடகர் குழு. அவர்கள் அட்லான்டாக்காரர்கள், அதாவது அமெரிக்காவின் அசல் தெற்கு. மேடையில் போட்ட டாம் ஓ'ஷான்டர் தொப்பியே குழுவின் பெயரானது. 1964-இல் அவர்கள் பாடிய 'ஹே கேர்ல் டோன்ட் பாதர் மி' அமெரிக்காவில் 41-ஆம் இடத்தோடு நின்றது. ஏழு ஆண்டு கழித்து வட இங்கிலாந்து நடன அரங்குகள் அதைத் தூசு தட்டி எடுத்தன. கால் வழுக்கிச் சுழல, தரையில் முகப்பவுடர் தூவி ஆடுகிற கூட்டம் அது. 1971 செப்டம்பரில் பாட்டு பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவின் கரோலைனா கடற்கரையில் ஆடுவோருக்கோ இதே குழுவின் பாட்டு 'பீச் மியூசிக்'.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'ஆன்ம இசை' என்றால் பஜனை நினைவுக்கு வரும். தேவாலயப் பாட்டின் உருக்கத்தில் காதலையும் ஊடலையும் பாடியது சோல். அந்தச் சொல்லை அப்படியே விடலாம். 'நார்தர்ன்' மட்டும் மாறட்டும். 'வடக்கத்தி' என்றால் நம் காதில் வட இந்தியா விழும். 'வடபுல சோல்' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முதல்முறை எழுதும்போது 'இங்கிலாந்தின்' என்று முன்னால் சேர்த்துவிடுங்கள்.