மானுக்கு எந்தத் தோட்டா? வன்னியில் பழைய துவக்கு வைத்திருப்போருக்குச் சட்டம் சொல்வது

பழைய ஒற்றைக்குழல் துவக்கு இருக்கும் வீட்டில் அந்தக் கேள்வியும் இருக்கும். மானுக்கு எந்தத் தோட்டா நல்லது? எஸ்.ஜி.யா, எல்.ஜி.யா, நாலாம் நம்பரா? (தோட்டாவுக்குள் இருக்கும் சன்னத்தின், அதாவது ஈயக் குண்டுகளின், பருமனுக்கான பெயர்கள் இவை.) முத்தையன்கட்டுப் பக்கம் என் பெரியப்பா காலத்தில் பரணில் இருந்தபடி இதை விடியும்வரை விவாதிப்பார்களாம். இன்று கேட்டால் விடை ஒன்றுதான்: எந்தத் தோட்டாவும் இல்லை. புள்ளிமான், மரை, கேளையாடு, சருகுமான் எல்லாமே இலங்கையில் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். கொல்வது மட்டுமல்ல, அவற்றின் இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம்.

இதற்கு அடிப்படை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 1993இலும் 2009இலும் அதற்குப் பெரிய திருத்தங்கள் வந்தன. பாலூட்டிகளைப் பொறுத்தவரை இன்றைய சட்டம் எதைக் கொல்லக்கூடாது என்று பட்டியல் போடுவதில்லை. எவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்றுதான் பட்டியல் போடுகிறது. அதில் பெயர் இல்லாத பாலூட்டி அனைத்தும் பாதுகாக்கப்பட்டவை. காட்டுப்பன்றி அந்தப் பட்டியலில் இருக்கிறது. மான் இனம் எதுவும் இல்லை.

"முந்தி மானுக்கு லைசென்ஸ் இருந்ததே" என்று முதியவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் வேட்டைக்கு அனுமதிப்பத்திரமும் பருவமும் இருந்தன. 1894இல் தொடங்கிய வனவிலங்குச் சங்கமே முதலில் வேட்டைக்காரர்கள் தங்கள் வேட்டை விலங்குகள் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள அமைத்ததுதான். அந்தக் காலத்து நினைவு வீடுகளில் தங்கிவிட்டது, சட்டத்தில் தங்கவில்லை.

அப்படியானால் துவக்கு எதற்கு? பயிர்ப் பாதுகாப்புக்கு. சுடுகலன்களை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். விவசாயிக்குப் பயிர் காக்கத் தரப்படும் ஷொட்கன் (சன்னம் சுடும் துவக்கு) அனுமதியை மாவட்டச் செயலகம் கையாளுகிறது. அரசாங்க அதிபர் என்று நாம் இன்னும் அழைப்பவரின் கந்தோர்தான் அது. உயிர்ப் பாதுகாப்புக்கான துவக்குகளைப் பாதுகாப்பு அமைச்சு பார்த்துக்கொள்கிறது. இரண்டு வரிசைகளையும் குழப்பிக்கொண்டு அலைபவர்கள் பலர். கச்சானைப் பன்றி கிண்டுகிறது என்றால் உங்கள் வழி மாவட்டச் செயலகம். காணி உங்களுடையது, அதில் பயிர் செய்கிறீர்கள், விலங்கு சேதம் செய்கிறது, உங்கள் மீது குற்றப் பதிவு இல்லை என்பவற்றைக் காட்ட வேண்டும். அதனால்தான் கிராம அலுவலர், கமநல சேவை நிலையம், பொலிஸ் நிலையம் என்று கடிதம் நடக்கிறது.

அனுமதிப்பத்திரம் டிசம்பர் 31உடன் முடியும். புதுப்பிக்கும் காலம் ஒக்டோபர் 1இலிருந்து அந்தத் திகதிவரை. கவனியுங்கள், அது சரியாகக் காலபோக விதைப்புக் காலம். உழவு, விதைநெல், மழை, உரம் என்று ஓடுகிற மூன்று மாதங்களில்தான் இந்தக் கடதாசியும் வருகிறது. இதை வகுத்தவர் வயலில் இறங்காதவராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை விதைப்பு அவசரத்தில் திகதி தப்பிப்போய், ஜனவரியில் துவக்கைக் காட்டி விளக்கம் சொல்லப் போன இடத்தில் நாள் முழுக்க வாங்கிலில் உட்கார்ந்திருந்தோம். தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வாங்குவது போல, ஐப்பசி பிறந்ததும் இதை முடித்துவிடுங்கள்.

அனுமதி ஆளுக்குரியது. அதில் எழுதப்பட்ட இலக்கத் துவக்குக்கும் அந்த ஆளுக்கும் இடையிலான ஒப்பந்தம் அது. பக்கத்து வயல்காரர் ஓர் இரவுக்குக் கேட்டாலும் கொடுக்க முடியாது. கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்து சிக்குவார்கள். அனுமதி வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துவக்கு பிள்ளைகளுக்குத் தானாகப் போகாது. கையளித்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்பாவின் நினைவு என்று சீலையில் சுற்றி முகட்டில் செருகி வைப்பது சட்டவிரோதச் சுடுகலன் வைத்திருப்பதாகத்தான் கணக்கு. 1996இன் திருத்தத்துக்குப் பிறகு தண்டனை இன்னும் கடுமை.

இனித் தோட்டா. பயிர் காக்கும் துவக்குகள் பெரும்பாலும் பன்னிரண்டு போர் (bore, குழலின் அளவு), முறித்துத் திறக்கும் ஒற்றைக்குழல். ஓர் இறாத்தல் ஈயத்தை 12 உருண்டையாக்கினால் ஓர் உருண்டை குழலுக்குள் பொருந்தும் என்பதே அந்த எண்ணின் பொருள். குழலின் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். எல்லாத் தோட்டாவும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பழைய பிரிட்டிஷ் துவக்குகளில் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு, அதாவது 65 மில்லிமீற்றருக்கு, வெட்டப்பட்டது. இன்று கிடைப்பது பெரும்பாலும் 70 மில்லிமீற்றர். சுடாத 70 தோட்டா 65 அறைக்குள் சுகமாகப் போய்விடும், ஏனென்றால் அதன் வாய் மடிந்திருக்கிறது. சுட்டதும் மடிப்பு விரிகிறது. விரிய இடமில்லாமல் அறையின் குறுகும் வாயை அடைக்கிறது. அமுக்கம் ஏறுகிறது. நூறு வயதுக் குழல் அதைத் தாங்கும் என்று யாரும் வாக்குத் தரவில்லை.

குழலின் அடிப்பகுதியைத் துடைத்துப் பாருங்கள். அறையின் நீளமும், இன்றைய தோட்டாவில் உள்ள புகையில்லா வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டதா என்பதும், சில குழல்களில் ஈயத்தின் உச்ச எடையும் அங்கே பொறித்திருக்கும். ஓர் அவுன்ஸும் அதில் எட்டில் ஒரு பங்கும், அதாவது 32 கிராம், அப்படிப் பொறிக்கப்படும் எல்லைகளில் ஒன்று. பொறிப்பு மங்கியிருந்தாலோ, குழலில் கயிறு முறுக்கியது போன்ற கோலம் தெரிந்தாலோ, அது புகை கக்கும் பழைய கரிமருந்துக் காலத்துக் குழலாக இருக்கலாம். துவக்கு வேலை தெரிந்தவர் பார்க்கும்வரை சுட வேண்டாம்.

இருபது போர் தோட்டா வீட்டில் இருந்தால் உடனே அகற்றுங்கள். பன்னிரண்டு போர் குழலுக்குள் அது வழுக்கிச் சென்று நடுவில் சிக்கும். வெடிக்கவில்லையே என்று பின்னால் இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுடுபவரின் இடக்கை போய்விடும். அதனால்தான் இருபது போர் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருகிறது.

சன்னத்தின் பெயர்களுக்கும் கணக்கு உண்டு. எல்.ஜி.யில் ஓர் அவுன்ஸுக்கு 6 குண்டுகள், எஸ்.ஜி.யில் 8, நாலாம் நம்பரில் 170. பன்றிக்கு எஸ்.ஜி. என்பது வழக்கம். பறவை விரட்டும் சிறு சன்னம் பன்றியைக் காயப்படுத்திக் காட்டுக்குள் அனுப்பும். அது பயிருக்கும் நல்லதல்ல, மறுநாள் விறகுக்குப் போகிற பெண்ணுக்கும் நல்லதல்ல. எஸ்.ஜி.யும் ஏறத்தாழ 30 மீற்றருக்கு அப்பால் பரந்துவிடுகிறது. ஆனால் தவறிய குண்டு அங்கே நிற்பதில்லை, அடுத்த வயல் கொட்டில்வரை போகும். இரவில் கண் மினுங்கியதும் சுடுகிறவர்களை நான் நம்புவதில்லை. மாட்டுக்கும் கண் மினுங்கும்.

அமெரிக்காவில் மான் வேட்டை சட்டப்படி நடக்கும் இடங்களில் பழைய ஒற்றை வெடி ரைபிள் பிரியர்களும் இதே சிக்கலில்தான் இருக்கிறார்கள். 1873இல் அவர்களது இராணுவம் ஏற்றுக்கொண்ட .45-70 தோட்டாவை இன்றும் மானுக்குப் பயன்படுத்துகிறார்கள். 45 என்பது குழலின் அளவு, 70 என்பது கரிமருந்தின் எடை, கிரெயின் என்ற சிறு அலகில். அதே பெயரில் இன்று புதிய துவக்குகளுக்கென்று அமுக்கம் கூடிய தோட்டாக்களும் விற்கப்படுகின்றன. அவற்றைப் பழைய ரைபிளில் போடாதே என்று பெட்டியிலேயே எச்சரிக்கிறார்கள். பெயர் பொருந்தினால் போதாது, இரும்பின் வயதும் பொருந்த வேண்டும். நமது அனுமதி ரைபிளுக்கு அல்ல, ஷொட்கனுக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

தோட்டாவை அனுமதிப்பத்திரம் காட்டித்தான் வாங்க முடியும். வெற்றுக் கோதில் தீக்குச்சி மருந்தும் பட்டாசு மருந்தும் நிறைப்பது 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துடனும் மோதும். இடியனுக்கும் (வாய்வழி மருந்து இடித்து நிறைக்கும் நாட்டுத் துவக்குக்கும்) இதே கதைதான்: அனுமதி இல்லாத இடியன் ஊர்க் கைவேலை என்பதால் தப்பாது. விலங்கு கயிற்றில் தட்டியதும் தானாக வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்கைப் பற்றி வாதமே இல்லை. அதற்குப் பன்றி எது, பால் கறக்கப் போகிற மனிதர் எவர் என்று தெரியாது.

இடமும் முக்கியம். மடு வீதி, சுண்டிக்குளம் தேசியப் பூங்காக்கள் 2015இல் பிரகடனம் செய்யப்பட்டவை. கொக்கிளாய், கட்டுக்கரைக் குளம் சரணாலயங்கள். தேசியப் பூங்காவின் எல்லைக்குள் செல்லுபடியான அனுமதியுடன் கூடத் துவக்கோடு நுழையக்கூடாது. அடிபட்ட பன்றியைத் துரத்திக்கொண்டு எல்லைக் கல்லைத் தாண்டினால், பன்றிக்கு இல்லாத பாதுகாப்பு அந்த மண்ணுக்கு இருக்கிறது.

மான்கூட்டம் பயறுக்குள் இறங்கினால் என்ன செய்வது? வேலியும் வெளிச்சமும் தகரச் சத்தமும்தான் கைவசம். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. அழைத்த திகதியையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி, கமக்காரர் அமைப்பின் கூட்ட அறிக்கையிலும் பதிவு செய்யுங்கள். அடுத்த முறை சேதம் பற்றிக் கந்தோரில் பேசும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும்.