தொப்புள்கொடி: கயிறா, கொடியா?

ஸ்கேன் அறிக்கையில் வரும் 'அம்பிலிக்கல் கார்டு' என்பதில் 'கார்டு' என்றால் கயிறு. 'அம்பிலிக்கஸ்' லத்தீனில் தொப்புள். நாபி என்ற வடசொல்லுக்கு அது தூரத்து உறவு. ஆக, ஆங்கிலத்தில் அது தொப்புள் கயிறு. நமக்கு மட்டும் அது கொடி. நமக்கு மட்டுமா? மலையாளத்தில் பொக்கிள்கொடி. கன்னடத்தில் ஹொக்குள பள்ளி. அந்தப் 'பள்ளி' நம் வள்ளிதான், படரும் கொடி.

தொப்புளின் பழைய வடிவம் கொப்பூழ். திருமாலின் கொப்பூழில் மலர்ந்த தாமரையைப் போன்றது மதுரை என்று பரிபாடல் சொல்கிறது.

கயிற்றைவிடக் கொடியே பொருத்தமான பெயர் என்பேன். பிறக்கும்போது ஏறக்குறைய 50 முதல் 60 செ.மீ. நீளம். உள்ளே இரண்டு தமனி, ஒரு சிரை. தமனிகள் சிரையைச் சுற்றிச் சுருண்டு போவது பந்தக்காலில் அவரை ஏறுவதுபோலவே இருக்கும். மூன்றும் நசுங்காமல் சுற்றிலும் வழவழவென்று ஒரு கூழ் இருக்கும். 1656-இல் அதை விவரித்த ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டன் பெயரால் அது வார்ட்டன் ஜெல்லி. கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டால் 'மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை, தாய்மாமனுக்கு ஆகாது' என்று மாமனை எண்ணெயில் குழந்தையின் முகம் பார்க்க வைப்பார்கள். ஐந்தில் ஒரு குழந்தையாவது அப்படித்தான் பிறக்கிறது, பாவம், மாமன்மார்கள்.

தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் இந்தக் கொடியிலும் அது தெரியலாம். கூழ் பெருத்துக் கொடி தடித்துப்போவதையும், சுருள் வழக்கத்தைவிடக் குறைவதையோ கூடுவதையோ ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இந்த நோய்க்கு நூல்வழக்கு 'கர்ப்பகால நீரிழிவு'. வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை; 'மாசமா இருக்கிறப்ப வந்த சுகர்' என்பார்கள்.

கொடியில் வரும் அழற்சிக்கு ஆங்கிலத்தில் 'ஃபியூனிசைட்டிஸ்' என்று பெயர். 'ஃபியூனிஸ்' லத்தீனில் கயிறு, மறுபடியும் கயிறுதான்! தமிழில் 'கொடியழற்சி' என்றால் போதும். அழல் என்றால் தீ, அதிலிருந்து அழற்சி. 'இன்ஃப்ளமேஷன்' என்பதற்குள்ளும் தீச்சுவாலைதான் இருக்கிறது. இந்த ஒரு இடத்தில் இரு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன. பெரும்பாலும் பனிக்குட நீரில் தொற்று ஏறும்போது இது வருகிறது. எதிர்த்து நிற்பவை குழந்தையின் சொந்த வெள்ளணுக்கள்.

சரி, நஞ்சுக்கொடி? இங்கேதான் குழப்பம். சிலர் தொப்புள்கொடியையே அப்படிச் சொல்கிறார்கள். பேச்சில் பெரும்பாலும் அது பிள்ளைக்குப் பின் விழும் 'பிளசென்டா'வைக் குறிக்கும். பாடநூல்கள் அதைத் தாய்சேய் இணைப்புத்திசு என்கின்றன, இலங்கையில் சூல்வித்தகம். 'நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கு' என்று டாக்டர் சொன்னால் அது பிளசென்டா, தொப்புள்கொடி அல்ல.