பேக்பேக்கிங்: முதுகுப்பையா, செலவா?

பேக்பேக்கர் என்பதை அப்படியே தமிழாக்கினால் 'முதுகுப்பைக்காரர்'. கேட்டால் ஸ்கூல் வேனுக்குக் காத்து நிற்கும் பிள்ளைதான் ஞாபகத்துக்கு வரும்.

ஆங்கிலத்திலும் இது பையிலிருந்து கிளம்பிய சொல்தான். ஜெர்மனில் ரூக்கன் என்றால் முதுகு, அதிலிருந்து ரக்சாக், முதுகில் மாட்டும் பை. அதே பையை அமெரிக்கர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேக்பேக் என்றார்கள். இன்றும் ஒரு அமெரிக்கர் பேக்பேக்கிங் போகிறேன் என்றால் பெரும்பாலும் கூடாரத்தைச் சுமந்துகொண்டு நாள்கணக்கில் காட்டில் நடக்கப் போகிறார். ஆஸ்திரேலியரோ பிரிட்டன்காரரோ சொன்னால் கதை வேறு: கையிலிருக்கும் கொஞ்சக் காசை மாதக்கணக்கில் இழுத்து, பஸ்ஸிலும் ரயிலிலும் ஊர் ஊராகச் சுற்றி, எட்டுப் பேர் அறையில் ஒரு கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்துத் தூங்குவது.

இந்த இரண்டாவது பொருளுக்குத் தடம் போட்டவர்கள் 1960, 70களில் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல் வழியாகத் தரைமார்க்கமாக டெல்லிக்கும் காத்மாண்டுவுக்கும் வந்த ஹிப்பிகள். 1979இல் ஈரானில் புரட்சி, ஆண்டுக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. அந்த வழி அடைபட்டது. அப்புறம் தென்கிழக்கு ஆசியாவில் கூட்டம் பெருகியது. பாங்காக்கின் காவோ சான் தெரு ஒரு காலத்தில் அரிசி வியாபாரம் நடந்த இடம், பெயருக்குப் பொருளே அரிசிதான். 1980களில் அங்கே மலிவு விடுதிகள் முளைத்தன, இப்போது பெயரில் மட்டும்தான் அரிசி.

பேக்பேக்கர்கள் கொடுப்பது சில்லறைதான், ஆனால் அது நேராக அறை விடும் வீட்டுக்காரருக்கும் நூடுல்ஸ் வண்டிக்காரிக்கும் போகிறது, பெரிய ஹோட்டல் பணத்தைப் போல வெளிநாட்டுக் கணக்குக்குப் பறப்பதில்லை. அதற்காக ஊருக்கு எல்லாம் லாபம் என்று சொல்லிவிட முடியாது. லாவோஸின் வாங் வியெங்கில் டிராக்டர் டியூபில் உட்கார்ந்து நாம் சோங் ஆற்றில் மிதப்பது பெரிய பிழைப்பானது. கரையோர மதுக்கடைக்காரர்கள் கயிற்றை வீசி, மிதந்து வருபவர்களை இழுத்துக் குடிக்க வைத்தார்கள். 2011இல் மட்டும் 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மறு ஆண்டு அரசு அந்தக் கடைகளை மூடியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சிக்கனப் பயணம்' போதாது, கட்டுச்சோறோடு பழனிக்குப் போகும் குடும்பமும் சிக்கனமாகத்தான் போகிறது. 'பரதேசி'யின் நேர்ப்பொருள் அயல்நாட்டுக்காரர், கச்சிதமான சொல், ஆனால் யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் அடிதான் விழும். சங்கப் பாணர்களின் இசைக்கருவிப் பைக்குக் 'கலப்பை' என்று பெயர்; அதியமானின் வாயிற்காவலனிடம் கோபித்துக்கொண்ட ஔவையார் "சுருக்கினெம் கலப்பை" என்று கிளம்புவது புறநானூறு 206. அதை இன்று சொன்னால் ஏர் உழப் போகிறார் என்று நினைப்பார்கள்.

எனக்குப் பிடித்தது 'செலவு'. சங்கத் தமிழில் அதற்குப் பயணம் என்று பொருள், இன்று காசு கரைவது. இந்தப் பயணத்துக்கு இரண்டுமே வேண்டும். ஆனால் 'முதுகுப்பைச் செலவு' என்று எழுதினால் பை வாங்கிய கணக்கு என்று படிப்பார்கள், அதனால் 'முதுகுப்பைப் பயணம்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.