அரிசியை நிறுத்தும் முன் ஒரு போன் செய்யுங்கள்

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலை. 14 வயதுப் பையன் ஒருவன் அம்மாவோடு, சிங்கப்பூரில் உணவியல் நிபுணரான என் அறைக்கு வந்தான். உட்காரும்போது சட்டை சற்று மேலேறியது, பள்ளி பெல்ட் தெரிந்தது. கடையில் போட்டுக் கொடுத்த ஓட்டைகளைத் தாண்டி, கத்தி முனையால் குத்திய மூன்று ஓட்டைகள் இருந்தன. கொக்கி மூன்றாவதில் நின்றது. மிச்ச வார் இடுப்பைச் சுற்றிக்கொண்டு முதுகுப்பக்கம் போயிருந்தது.

எடை பார்த்தோம். 36 கிலோ. ஏழு மாதத்துக்கு முந்தைய பதிவில் 43. மளமளவென்று வளர வேண்டிய வயதில் ஏழு கிலோ போய்விட்டது, உயரமும் நின்ற இடத்திலேயே நின்றது.

அவனுக்குக் குரோன்ஸ் நோய், அதாவது குடல் சுவர் வீங்கிப் புண்ணாகும் நீண்டகால அழற்சி. அம்மா பையிலிருந்து ஒரு டப்பாவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து மேசையில் வைத்தார். டப்பாவில் பாதாம் மாவில் சுட்ட தோசை. நோட்டில் மூன்று மாதக் கணக்கு: என்ன சாப்பிட்டான், எத்தனை தடவை வெளிக்குப் போனான், வலி இருந்ததா. "அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, பால், சீனி எல்லாத்தையும் நிறுத்திட்டேன் மிஸ். ஆறு தடவை போனவன் இப்ப ஒரு தடவைதான் போறான். வலியே இல்ல. குடல் ஆறிக்கிட்டு வருது."

மாத்திரை? "அதையும் ரெண்டு மாசமா கொடுக்கல."

இந்த ஆண்டில் இது எனக்கு ஐந்தாவது குடும்பம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. காலை நாலரைக்கு எழுந்து எலும்பு சூப் வைக்கிறார், 24 மணி நேரம் தயிரை உறைய வைக்கிறார், அப்புறம் வேலைக்குப் போகிறார். இதைச் செய்பவர்கள் எல்லோரும் அன்பு மிகுந்தவர்கள். பயந்து போனவர்களும்கூட. மருத்துவர் வாயிலிருந்து "வாழ்நாள் முழுக்க" என்ற சொல் வந்ததும், "ஆறு மாதத்தில் குணம்" என்று எவராவது சொன்னால் மனம் அங்கேதான் ஓடும். எனக்கு அது புரிகிறது.

ஆனால் எந்த நோய்க்கு எந்த உணவு என்பதிலேயே நம் வீடுகளில் பெரிய குழப்பம் இருக்கிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று மருத்துவர் சொன்னால் வீட்டுக்குப் போகும்போது அது "அல்சர்" ஆகிவிடுகிறது. நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது, உடம்புச் சூடு, மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் போதும் என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். வயிற்றில் வரும் அல்சர் வேறு, இது வேறு. இங்கே உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடல் சுவரைத் தாக்குகிறது. கொலைட்டிஸ் பெருங்குடலில் வரும். குரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், சுவரின் முழு ஆழத்துக்கும் போகும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் செய்த ஆய்வுகளில், சீனர், மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம்தான் இவை அதிகம் காணப்பட்டிருக்கின்றன. இது நம் வீட்டு விஷயம்.

இனி, என்னைத் தூங்கவிடாத அந்த ஒரு நம்பிக்கைக்கு வருகிறேன். "வலி குறைந்தது, அதனால் குணமாகிறது."

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பாதி சாப்பிட்டால் பாதிதான் வெளியே போகும். வெங்காயம், பால், பருப்பு, கோதுமை இவற்றை நிறுத்தினால் எவர் வயிற்றிலும் வாயு குறையும். எனக்கும் குறையும், உங்களுக்கும் குறையும். வாயு குறைந்தால் இழுத்துப் பிடிக்கிற வலி குறையும். குடல் ஓரிடத்தில் சுருங்கியிருந்தால், அந்த வழியே போவது குறையும்போது அங்கே வலியும் குறையும். இத்தனையும் நடக்கும். குடல் சுவரில் இருக்கும் அழற்சி துளிகூடக் குறையாமலே இத்தனையும் நடக்கும். நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். மேலே சாம்பல், உள்ளே கங்கு.

கங்கு இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டு. மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தை அளக்கிறோம். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 250-ஐத் தாண்டினால் அழற்சி தீவிரமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். வலியே இல்லாத அந்தப் பையனுக்கு 1,800-க்கு மேல். அம்மாவின் போனிலேயே, பரிசோதனை முடிவுகள் வரும் ஹெல்த்ஹப் செயலியைத் திறந்து காட்டினேன். அவர் எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். பையன் பெயர்தானா என்று பார்த்தார். அப்புறம் நோட்டை மூடி வைத்துவிட்டார்.

அந்த மௌனத்தை ஐந்து தடவை பார்த்துவிட்டேன். ஆறாவது வேண்டாம்.

தானியம், கிழங்கு, பால், சீனி எல்லாவற்றையும் விலக்கும் இந்த உணவுமுறை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கதையே ஒரு எச்சரிக்கை. 1924-இல் நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ், சிறுகுடல் கெட்டு, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாத சீலியாக் நோயால் மெலிந்து கிடந்த பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். ரொட்டியையும் தானியங்களையும் விலக்கினார். பிள்ளைகள் தேறினார்கள். உலகமே வாழைப்பழத்தைக் கொண்டாடியது. அப்புறம் இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்தது. வில்லெம் டிக்கே என்ற மருத்துவர் கவனித்தார்: மற்றவர்கள் வாடிக்கொண்டிருக்க, சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் படுத்துவிட்டார்கள். குற்றவாளி கோதுமை. வாழைப்பழம் பக்கத்தில் நின்றது, அவ்வளவுதான். பிள்ளைகள் தேறியது உண்மை, சொன்ன காரணம் தவறு. ஹாஸின் உணவுமுறையைத்தான் பிற்பாடு எலேன் காட்ஷால், ஹாஸிடம் சிகிச்சை பெற்ற ஒரு சிறுமியின் தாய், குடல் அழற்சிக்காரர்களிடையே பரப்பினார். அதுதான் இன்று சிங்கப்பூரின் தேக்கா கடைகளில் பாதாம் மாவு தேடுகிற நம் அம்மாக்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அதைச் சோதித்தும் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் குரோன்ஸ் உள்ள பெரியவர்களிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் ஒரு பிரிவினருக்கு இந்த உணவுமுறை, இன்னொரு பிரிவினருக்கு மத்தியதரைக்கடல் நாட்டுச் சாப்பாடு. ஆறு வாரத்தில் அறிகுறிகள் அடங்கியவர்கள் முறையே 46.5 விழுக்காடு, 43.5 விழுக்காடு. பெரிய வித்தியாசமே இல்லை. கஷ்டத்தில்தான் வித்தியாசம்.

உணவால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. உணவே ஆகாது என்றால் எனக்கு இந்த வேலையே இல்லை. குரோன்ஸ் உள்ள பிள்ளைகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் மருத்துவப் பால் (எல்லாச் சத்தும் கலந்த திரவ உணவு) மட்டும் கொடுக்கும் சிகிச்சை, நோயை அடக்குவதில் ஸ்டீராய்டு மருந்துக்கு நிகராக நிற்கிறது. வளர்ச்சியையும் கெடுக்காது. (கொலைட்டிஸுக்கு இதே பலன் கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.) 2019-இல் பிள்ளைகளிடம் சோதித்துப் பலன் கண்ட இன்னொரு முறையில் மருத்துவப் பாலோடு குறிப்பிட்ட சில உணவுகள் உண்டு. கோழி, முட்டை, வாழைப்பழம், ஆப்பிள். உருளைக்கிழங்கு கட்டாயம் உண்டு. வெள்ளை அரிசிச் சோறும் உண்டு. அந்த அம்மா மூன்று மாதமாக மகன் தட்டிலிருந்து எடுத்து வைத்த சோறும் கிழங்கும் அந்தச் சிகிச்சையில் இருக்கின்றன! இதைச் சொன்னபோது பையன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை.

அன்று அவன் பேசியது ஒரே ஒரு தடவை. பாட்டி ஒருநாள் யாருக்கும் தெரியாமல் இரண்டு இட்லி கொடுத்திருக்கிறார். மறுநாள் வயிறு வலித்திருக்கிறது. "நான் சாப்பிட்டதுனாலதான் மறுபடி வந்துச்சு" என்றான். இரண்டு இட்லியால் தன் நோயைத் தானே வரவழைத்துக்கொண்டதாக ஒரு பிள்ளை நம்புகிறான். பள்ளி இடைவேளையில் உணவகத்துக்குப் போகாமல் வகுப்பிலேயே இருந்துவிடுகிறான். சாப்பாட்டைக் கண்டு பயப்படும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அதை எடுப்பது குடலை ஆற்றுவதைவிடக் கடினம். தயவுசெய்து பிள்ளையிடம் "நீ சாப்பிட்டதால்தான்" என்று சொல்லாதீர்கள்.

அப்புறம், "முதலில் மோசமாகும், அது விஷம் வெளியேறுகிற அறிகுறி" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ரத்தம் போவதும், இரவில் எழுந்து ஓடுவதும், காய்ச்சலும், எடை குறைவதும் நோய் ஏறுகிற அறிகுறிகள். விஷம் வெளியேறுகிறது என்ற அர்த்தமே கிடையாது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று விட்டால், ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதை மறந்துபோன உடம்பு மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிகளை இடையில் விட்டுவிட்டுத் தொடங்கினால், உடம்பு அதற்கே எதிர்ப்புப் பொருள் உண்டாக்கி, மருந்து வேலை செய்யாமல் போகலாம். நம்மிடம் இருக்கும் மருந்துகள் எண்ணிக்கையில் குறைவு. ஒன்றைக்கூட வீணாக்க முடியாது.

கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும்.

நார்ச்சத்து எல்லோருக்கும் நல்லது என்று நினைக்காதீர்கள். குடல் சுருங்கிய ஒரு தாத்தாவுக்கு வீட்டில் தினமும் வாழைத்தண்டு பொரியலும் முருங்கைக்கீரையும் கொடுத்தார்கள். ஒரு ஞாயிறு இரவு வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், குடலடைப்போடு அவசரப் பிரிவுக்கு வந்தார். எந்தக் காய், எப்படி நறுக்கி, எவ்வளவு குழைய வேகவைப்பது என்பதெல்லாம் ஸ்கேனைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சைவக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பி12 சத்தை உடம்பு எடுத்துக்கொள்வது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். குரோன்ஸ் அதிகம் தாக்குவதும் அதே இடத்தை. ஏற்கெனவே பி12 குறைவாக இருக்கும் சைவர்கள் பாலையும் தயிரையும் விட்டால் என்ன மிஞ்சும்? கால் மரத்துப் போகும்வரை காத்திருக்காதீர்கள், ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

ஊரிலிருந்து பார்சலில் வரும் "குடல் பொடி"களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்படி விற்கப்படும் பொருள்களில், லேபிளில் சொல்லாமலே ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஒரு பொடியால் மூன்றே நாளில் குணம் தெரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, பட்டினியாகக் கிடந்தவருக்கு மனம் இரங்கி ஒரே நாளில் வயிறு நிறையக் கொடுப்பதும் ஆபத்து. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்குத் திடீரென்று சோறும் பாயசமும் கொடுத்தால், ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்புச்சத்து சரசரவென்று இறங்கி இதயம் வரை பாதிக்கும். அந்தப் பையனை அதனால்தான் வார்டில் சேர்த்தோம். தினமும் ரத்தம் பார்த்து, தயமின் (பி1 சத்து) கொடுத்து, தேவையில் பாதியிலிருந்து மெல்ல மெல்ல மருத்துவப் பாலை ஏற்றினோம். இப்போது வீட்டில் நாலாவது வாரம். வெனிலா வாசனை பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்கிறான், குடித்துவிடுகிறான். அம்மா அதே நோட்டில் இப்போது எத்தனை பாக்கெட், என்ன எடை என்று எழுதுகிறார். அந்த நோட்டு எங்களுக்கு எவ்வளவு உதவியது தெரியுமா? எந்த வாரத்தில் சாப்பாடு குறைந்தது, எப்போது மாத்திரை நின்றது என்று எல்லாமே அதில் இருந்தது.

ஆகவே, உங்கள் வீட்டிலும் ஓர் உணவுமுறை தொடங்கியிருந்தால், அல்லது நாளைக்குத் தொடங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் உங்கள் சிறப்பு மருத்துவரின் கிளினிக்குக்குப் போன் செய்து உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நோட்டு, டப்பா, பொடி பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள், எதையும் ஒளிக்க வேண்டாம். யாரும் உங்களைத் திட்ட மாட்டோம். போனில் "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவசரம் புரியாது. "மூன்று மாதத்தில் இத்தனை கிலோ குறைந்திருக்கிறது, இந்த மாத்திரை இத்தனை நாளாகக் கொடுக்கவில்லை" என்று எண்ணோடு சொல்லுங்கள்.