மூண்டாவது டிஸ்க் எண்டா எது?

போன மாரிக்குள்ள ஒரு நாள் காலம மட்டக்களப்பு கல்லடியில இருந்து ஸ்டூடியோ பொடியன் ஒராள்ட கோல். "அண்ணே, சேர்வர் கீ கீ எண்டு கத்திச்சு, ஸ்க்ரீன்ல டிஸ்க் 3 பழுது எண்டு கிடந்திச்சு, நான் மூண்டாவத கழட்டிப்போட்டு புதுசு போட்டன், மறுகா ஒண்டுமே வருகுதில்ல." எனக்கு அதிலேயே விளங்கிட்டு. அந்தப் பெட்டி எண்ணுறது 0-ல இருந்து, பொடியன் எண்ணினது 1-ல இருந்து. டிஸ்க் 3 எண்டா நாலாவது ட்ரேல (டிஸ்க் செருகுற இழுப்பறை) இருக்கிறது. இவன் இழுத்தது நல்லா ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்க. ஆறு டிஸ்க்க ஒண்டாச் சேத்து ஒரே டிஸ்க் மாதிரி ஓடவிட்ட ரெய்ட் 5 எண்ட ஏற்பாடு, ஒண்டு போனா தாங்கும் ரெண்டு போனா தாங்காது, ஒண்டு தானா போச்சு மற்றத இவன் கையால எடுத்துட்டான், உள்ளுக்க மூண்டு வருஷக் கல்யாண வீடியோ.

"சேர்வர ஓஃப் பண்ணு, ஸ்க்ரீன்ல என்ன கேட்டாலும் ஓகே குடுக்காத, கழட்டினத மேசையில பத்திரமா வை" எண்டுட்டு வெளிக்கிட்டன். பாலம் தாண்டுற வரைக்கும் ஒரே யோசின, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாத் தொடங்குற இனிஷியலைஸ் பட்டன அமத்தியிருப்பானோ எண்டு.

லினக்ஸ் சேர்வர்ல டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி எண்டு வாற பேர நம்பியும் கழட்டாதீங்க. ரீபூட் பண்ணினா மாறலாம், நேத்து எஸ்டிசி இண்டைக்கு எஸ்டிடி. மாறாதது சீரியல் நம்பர்தான். ஸ்மார்ட்சிடிஎல் எண்ட கமாண்ட அடிச்சா சீரியலும் தெரியும் நோயும் தெரியும். 5, 197, 198 எண்ட வரிகள்ல கடைசிக் கணக்கு 0 ஆ இருக்கோணும், 5 எண்டது பழுதான செக்டருக்கு, அதாவது டிஸ்க்கில எழுதுற சின்னத் துண்டுக்கு, பதிலா வேற இடம் குடுத்த கணக்கு, 197 வாசிக்க ஏலாமக் கிடக்கிற செக்டர், இதுகள் நாளுக்கு நாள் ஏறினா ஆள் போகப்போறார். 199 மட்டும் ஏறுதெண்டா முதல்ல கேபிள பாருங்க. கடற்கரைப் பக்கம் உப்புக் காத்தில கனெக்டர் பச்சை பூத்துக் கிடக்கிறத நான் கனக்க கண்டிருக்கன். ஒருக்கா நல்ல டிஸ்க் ஒண்ட இப்பிடித்தான் பழுதெண்டு ஒதுக்கினவன் நான், என்ன செய்ய.

சரி சீரியல் கிடைச்சிட்டு, ஆனா ஸ்டிக்கர் டிஸ்க்கிட மேல்பக்கம், கூட்டுக்குள்ள போனா தெரியாது. பேக்பிளேன் (டிஸ்க்குகள் பின்னால செருகுப்படுற பலகை) நல்லதெண்டா லெட்சிடிஎல் கமாண்ட்ல லொகேட் குடுங்க, அந்த ட்ரே லைட் மட்டும் மின்னும். அது இல்லாட்டி எல்லா வேலையையும் நிப்பாட்டிட்டு சந்தேகப்படுற டிஸ்க்க மட்டும் டிடி கமாண்டால கொஞ்ச நேரம் வாசிக்க விடுங்க, எது விடாம மின்னுதோ அதுதான். டிடி-ல இஃப் (எதில இருந்து வாசிக்க), ஓஃப் (எதில எழுத) ரெண்டையும் மாத்தி அடிச்சா டிஸ்க் அழிஞ்சிரும், என்டர் அமத்த முதல் ரெண்டு தரம் பாருங்க. அடியோட செத்த டிஸ்க் எந்த லிஸ்ட்லயும் வராது. அப்ப உயிரோட இருக்கிற எல்லாத்திட சீரியலையும் எழுதி வச்சு, இல்லாதது எதெண்டு பாக்கிறதுதான் வழி. போன்ல சீரியல் கேட்டா எட்டையும் பி-யையும், சைபரையும் ஓ-வையும் மாத்திச் சொல்லுவாங்க, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.

கல்லடிக் கதைக்கு வாறன். பட்டன் அமத்தல்ல, நல்ல காலம். கழட்டினத அதே ட்ரேல வச்சு ஃபோர்ஸ், அதாவது கட்டாயப்படுத்துற கட்டளை, குடுத்து ரெய்ட சேத்தன், வந்திச்சு. பொடியன் உடன புது டிஸ்க்க தூக்கிட்டு வாறான், நான் விடல்ல. ஆறும் ஒரே நாள் ஒரே கடையில வாங்கினது, ஒண்டு போனா மத்ததும் அதே வயசுதானே, ரீபில்ட் எண்டா, அதாவது போன டிஸ்க்கிட தகவல புதுசில திருப்பி எழுதுறதெண்டா, மிச்ச அஞ்சையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிக்கும். 4 டிபி டிஸ்க், செக்கனுக்கு 150 எம்பி வேகம் எண்டாலே 7 மணித்தியாலத்துக்கு மேல, அதுக்குள்ள கரண்ட் போனா? அதால முதல்ல வெளி டிஸ்க்குக்கு கொப்பி, யூபிஎஸ் பேட்டரி செக், பிறகுதான் நாலாவது ட்ரே. இழுக்கக்குள்ளயும் கொஞ்சம் வெளிய எடுத்து அர நிமிஷம் விட்டன், உள்ளுக்க தட்டு சுத்துறது நிக்கோணும்.

வந்த டிஸ்க்கிட ஸ்டிக்கர ஸ்க்ரீனோட ஒப்பிட்டு பொடியனையே வாசிக்கச் சொன்னன். பிறகு ஆறு ட்ரே முகப்பிலயும் சீரியல்ட கடைசி நாலு எழுத்த டேப்பில எழுதி ஒட்டினான், பக்கத்தில பெரிசா 0, 1, 2 எண்டும் போட்டுட்டான், நான் சொல்லாமலே.