திருப்புத்திறன்: அந்தத் 'திறன்' எதற்கு?

'மந்தநிலையின் தருணம்' என்ற தொடரைப் பார்க்கும்போதெல்லாம், அதைப் போட்ட எந்திரத்தைத் திட்டுவதா, படித்துப் பார்க்காமல் ஒட்டிவிட்டுப் போன ஆளைத் திட்டுவதா என்று குழப்பம் வருகிறது. ஒரு பொருள் தன் சுழற்சி மாறுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் அளவு மொமென்ட் ஆஃப் இனர்ஷியா. அதற்குக் கணினி தரும் தமிழ் இது. இளநிலை இயற்பியல் முதலாண்டுக் குறிப்புகள் என்று கைமாறும் கோப்புகளிலும் இது புகுந்துவிட்டது. மந்தநிலை பொருளாதாரப் பக்கத்துக்கு உரியது, தருணம் கல்யாணப் பத்திரிகைக்கு உரியது. சிரித்துவிட்டு அழித்துவிடலாம்.

ஆனால் இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் 'அது நிலைமத் திருப்புத்திறன் அய்யா' என்று திருத்துகிறார்களே, என் வழக்கு அந்தத் திருத்தத்தின் மேல்தான். இனர்ஷியா நிலைமம், மொமென்ட் திருப்புத்திறன் என்பது நம் பாடநூல் கணக்கு.

முதலில் மூலச் சொல். லத்தீனில் மொவேரே என்றால் அசைத்தல். அதில் பிறந்தது 'மொமென்டும்' என்ற சொல். அசைவு, தராசுத் தட்டைச் சாய்க்கும் சிறு எடை, கணப்பொழுது என்று அதற்குப் பல பொருள். கணம் என்ற பொருள் ஆங்கிலப் பேச்சுவழக்கில் தங்கிவிட்டது, இயற்பியல் தராசை எடுத்துக்கொண்டது. எடை எவ்வளவு என்பதோடு அது எங்கே தொங்குகிறது என்பதும் சேர்ந்து உண்டாக்கும் கீழ்நோக்கிய சாய்வைக் கலிலியோ இந்தச் சொல்லால் குறித்தார். திண்பொருள்களின் இயக்கம் பற்றி 1765இல் வெளிவந்த நூலில் கணிதவியலாளர் ஆய்லர் அதை நிலைமத்துக்கும் நீட்டினார். உந்தம் என்று நாம் சொல்லும் மொமென்டமும் இதே வேர்தான். சரி, வரலாறு போதும். கருத்து ஒன்றுதான்: ஓர் அளவை, அது அச்சிலிருந்து இருக்கும் தொலைவால் பெருக்கு. சில இடங்களில் தொலைவின் இருமடியால் பெருக்கு.

இப்போது திருப்புத்திறனைப் பிரித்துப் பார்ப்போம். திருப்பு நல்ல தமிழ் வினை, அதில் குறையில்லை. திறன்தான் தொல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திறன் என்றால் பவர். வேலை செய்யப்படும் வீதம், அலகு வாட். பள்ளியிலேயே இதைத்தான் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதே பள்ளியில் 'விசையின் திருப்புத்திறன்' வருகிறது, அலகு நியூட்டன் மீட்டர். மேல்நிலை வகுப்பிலும் கல்லூரியிலும் நிலைமத் திருப்புத்திறன், அலகு கிலோகிராம் மீட்டர் இருமடி. வாய்மொழித் தேர்வில் ஒரு பிள்ளை இதற்கு அலகு வாட் என்று சொன்னால் தப்பு அந்தப் பிள்ளையுடையதா?

'திறன் பொதுச்சொல், திருப்புகிற ஆற்றல் என்று எடுத்துக்கொள்ளுங்களேன்' என்று வாதிடுவார்கள். ஆற்றல் என்பது எனர்ஜி, அதைத் தொட்டால் இன்னொரு பஞ்சாயத்து! இருக்கட்டும். ஸ்பானரின் கைப்பிடி நீளமாக இருந்தால் நட்டு எளிதாகக் கழல்கிறது. அங்கே திருப்பும் திறன் என்பது பொருந்தத்தான் செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நிலைமத்துக்கு வந்ததும் அதே சொல் தலைகீழாகிறது. நிலைமத் திருப்புத்திறன் கூடுதலாக உள்ள சக்கரம் எளிதில் திரும்புமா? திரும்பாது, முரண்டு பிடிக்கும். ஒரே நிறையும் ஆரமும் கொண்ட வளையத்தையும் வட்டத்தட்டையும் எடுங்கள். மையத்தின் வழியே தளத்துக்குச் செங்குத்தான அச்சைப் பற்றி வளையத்துக்கு அந்த அளவு தட்டைப்போல் 2 மடங்கு. சொல்லை நம்பினால் வளையம்தான் திரும்புவதில் கெட்டிக்காரன். உண்மையில் அதைச் சுழற்றத்தான் நமக்கு இரு மடங்கு பாடு.

பருப்பொருள் பண்புகள் தாளில் சட்டம் வளைவது பற்றிய பாடத்தில் நிலைமை இன்னும் மோசம். குறுக்குவெட்டுப் பரப்பை ஒரு கோட்டிலிருந்து உள்ள தொலைவின் இருமடியால் பெருக்கிக் கூட்டுகிறோம், அலகு மீட்டரின் நான்காம் அடுக்கு. அதற்கும் வடிவியல் நிலைமத் திருப்புத்திறன் என்றே பெயர். செவ்வகச் சட்டத்துக்கு அகலம் பெருக்கல் தடிமனின் மும்மடி, கீழே 12. ஆய்வகத்து மரமீட்டர்கோல் 2.5 செ.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்க வைத்து நடுவில் எடை தொங்கவிட்டால் வளைவது கண்ணுக்கே தெரியும். அதே கோலை விளிம்பில் நிறுத்தினால் இந்த அளவு 25 மடங்காகிவிடும், இறக்கம் 25இல் ஒரு பங்குதான் இருக்கும். இங்கே எதுவும் அச்சில் சுழலவில்லை, நிலைமமும் இல்லை, வாட்டும் இல்லை.

திறனுக்கு வேறு வேலையே இல்லையா என்றால் அதுவும் இல்லை. மின்தேக்குத்திறன், வெப்ப ஏற்புத்திறன், பகுதிறன், பயனுறுதிறன், லென்சின் திறன் என்று வரிசை நீள்கிறது. கலைச்சொல் கிடைக்காதபோதெல்லாம் கடைசியில் ஒரு 'திறன்' ஒட்டிவிடுவது நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

இலங்கைப் பாடநூல்களில் இந்தச் சிக்கல் எழவே இல்லை. அங்கே பவர் என்பது வலு, டார்க் என்னும் சுழற்றும் விளைவு முறுக்கம், மொமென்ட் வெறும் திருப்பம், நிலைமத்தோடு சேர்ந்தால் சடத்துவத் திருப்பம். 'சடத்துவம்' எனக்குப் பிடிக்காது, நம் நிலைமமே மேல். ஆனால் திருப்பம் அருமையான சொல். 'கதையில் திருப்பம் மாதிரி இருக்கிறதே' என்பார்கள். விசை, வேலை, புலம் எல்லாம் தெருவிலும் வயலிலும் இருந்து வந்த சொற்கள்தானே, அவற்றை யாரும் தடுக்கவில்லை. திருப்பம் எதையும் செய்ய வல்லது என்று தன்னைச் சொல்லிக்கொள்வதும் இல்லை. விசைத் திருப்பம், நிலைமத் திருப்பம், வளைவுத் திருப்பம், இருமுனைத் திருப்பம் எல்லாம் நாக்கிலும் சிக்குவதில்லை.

நம் ஊரில் டார்க்குக்கு வழங்கும் 'திருப்பு விசை'யும் இதே ரகக் கோளாறு. அது விசையே அல்ல, விசையைத் தொலைவால் பெருக்கி வந்த வேறோர் அளவு. முறுக்கம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? புள்ளியியல்காரர்கள் மொமென்டுக்கு விலக்கப் பெருக்குத்தொகை என்று வைத்தார்கள். நீளம்தான், ஆனால் என்ன கணக்கு நடக்கிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. அதே கட்டடத்தில் அடுத்த துறையில் இருப்பவர்களைக் கேட்டிருந்தாலாவது நமக்கு உருப்படியான சொல் கிடைத்திருக்கும்.

பாடநூலை நாளைக்கே மாற்றிவிட மாட்டார்கள், தெரியும். வகுப்பில் வாயால் சொல்லும்போது நிலைமத் திருப்பம் என்று சொல்லுங்கள். அது சட்டென்று பிடிபடாத பிள்ளைகளுக்குச் சுழற்சி நிலைமம் என்றும் சொல்லலாம், அந்த ஓர் இடத்துக்கு அது இன்னும் தெளிவு. தேர்வுத்தாளில் மட்டும் வினாத்தாளில் அச்சிட்டிருக்கும் சொல்லையே எழுதச் சொல்லிவிடுங்கள். மதிப்பெண்ணோடு விளையாட வேண்டாம்.